அம்மை வீட்டில் கேட்கக் கூடாதது

"பிள்ளையைக் கொடு."

அம்மை கண்ட வீட்டு வாசலில் நின்று இதை மட்டும் கேட்டுவிடாதே என்று முருகம்மாளிடம் அவளுடைய அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். டாக்டராக முதல் வேலைக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கு.

"எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போ. எவ வீட்டுலயும் தண்ணி வாங்கிக் குடி. அம்மை விளையாடுத வீட்டுல போயி பிள்ளையைக் குடுன்னு மட்டும் கேட்டுராத மக்கா. அது ஆத்தா கேக்குத கேள்வி. அவ வாயி உனக்கு எதுக்கு?"

முருகம்மாள் கேட்டாள்.

அதைத்தான் சொல்லப் போகிறேன். விளக்கைத் தூண்டாதீர்கள், எண்ணெய் அடியில் கிடக்கிறது. மழை இப்போதைக்கு விடாது, கரண்ட் காலையில்தான் வரும். எல்லாரும் இப்படிப் பக்கத்தில் வாருங்கள்.

முருகம்மாள் என் சிநேகிதி தங்கத்தாயின் அக்கா. காலேஜில் தங்கத்தாயும் நானும் ஒரே அறை. இரண்டு பேர் வீட்டிலும் கைநாட்டுக்கு அடுத்த தலைமுறை நாங்கள்தான். ஒருநாள், ஒரே ஒருநாள், தங்கத்தாய் இதைச் சொன்னாள். மறுபடி கேட்டபோது, "வேற பேச்சு பேசுட்டி" என்றாள்.

"பேய்க் கதை சொல்லச் சொன்னா இவ ஆஸ்பத்திரிக் கதை சொல்லுதா" என்று ஜுலைகா முணுமுணுக்கிறாள். பொறு. நீதானே சாயங்காலம் சொன்னாய், அம்மைக்கு ஊசி போட்டால் அம்மை உள்ளே இறங்கிவிடும் என்று? டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு? உனக்காகத்தான் சொல்கிறேன். கேள்.

உச்சிப் பொழுது. எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ரோட்டிலிருந்து பிரிந்து கரிசலுக்குள் ஒரு வண்டித்தடம். பருத்தி எடுத்து முடிந்த காடு... செடியெல்லாம் வெறும் குச்சி. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. ஒரு காக்காய் இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, வெடிப்புக்குள்ளிருந்து அனல் வருகிறது. செருப்புக்கடியில் சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும்.

இரண்டு பேர் நடக்கிறார்கள். முருகம்மாள். அவள் கூட நர்ஸ் மைமூனம்மாள், கடையநல்லூர்க்காரி, வாய் ஓயாதவள்.

"இந்த வெயில்ல பேய் வந்தாலும் குடை பிடிச்சிட்டுதாம்மா வரும்" என்றாள் மைமூனம்மாள்.

சிரித்தார்கள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

ஊர்ப் பேர் சொல்ல மாட்டேன். காலையில் அந்த ஊரிலிருந்து ஒருத்தி காதுவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவள், போகிறபோக்கில், பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது, ராத்திரியெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி முனகுகிறது என்று சொல்லியிருந்தாள். மணல்வாரி தானாக இறங்கிவிடும். முனகல் வேறு. அந்த முனகலுக்காகத்தான் முருகம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஊர்க் கடைசியில் ஓட்டு வீடு. நிலையில் வேப்பங்குலை. வாசல் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. தாளிக்கிற வாடை இல்லை, எண்ணெய் வாடை இல்லை. வேப்பிலை, மஞ்சள்... அதற்கடியில் புழுங்கிப்போன துணி மாதிரி ஒரு வாடை. நிலைப்படியில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள், பிள்ளையின் அம்மா. தகப்பன் சண்முகையா சுவரோரம் நின்றான். உள்ளே பாயில், வேப்பிலைமேல், மூன்று வயசுப் பையன். உச்சிமாகாளி என்று பேர்.

முருகம்மாள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்குகிறது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. உதடு நீலம். நிமோனியா. தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

"பிள்ளையை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஊசி போடணும்."

"அம்மை இறங்கட்டும் டாக்டரம்மா" என்றாள் பேச்சித்தாய். குரலில் சண்டை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆத்தா விளையாடிட்டு இருக்கா. இரும்பை உள்ள விட்டா கோவிச்சுக்கிடுவா."

"விளையாட்டா? அந்த நெஞ்சைப் பாரு. சளி கட்டியிருக்கு. நாளைக் காலை வரை தாங்காது."

"தலைக்குத் தண்ணி ஊத்திட்டு நாங்களே தூக்கிட்டு வாறோம்மா" என்றான் சண்முகையா. "செவ்வாக்கிழமை ஊத்தலாம்னு இருக்கோம்."

"செவ்வாய்க்கிழமை குழிதான் வெட்டுவே."

சொல்லியிருக்கக் கூடாது. சண்முகையாவின் தாடை இறுகியது. "வெளிய போங்க" என்றான். கத்தவில்லை. "அம்மை வீட்டுல நின்னு பேசுத பேச்சா இது?"

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டால் அவர்களும் வேப்பிலைப் பக்கம்தான். போலீசுக்குப் போனால், பெற்றவர்கள் மாட்டேன் என்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்பார்கள். பிடுங்கிக்கொண்டு ஓடினால் தெருமுனை தாண்ட முடியாது. அவர்கள் பிள்ளை, அவர்கள் சாமி, அவர்கள் முடிவு... என்று பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தால் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. அந்த முனகல் மட்டும் பின்னாலேயே வரும்.

படித்தவர்கள் என்றால் அந்த இடத்தில் வாதம் பண்ணுவார்கள். முருகம்மாளுக்கு இன்னொன்றும் தெரியும். அவளும் இதே கரிசலில் வளர்ந்தவள்தான். அவள் சித்திக்குக் கோவில் கொடைக்குக் கொடை சாமி வரும். எப்படி உடம்பு முதலில் நடுங்கும், பல் எப்படி நறநறக்கும், கொண்டை எப்போது அவிழும், மூச்சு எப்படிச் சீறும்... சின்ன வயசில் தங்கத்தாயும் அவளும் வீட்டுக்குப் பின்னால் அதை நடித்து விளையாடி அடி வாங்கியிருக்கிறார்கள்.

பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பின்னலைப் பிரித்தாள்.

மைமூனம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா... ஏம்மா, வெயில் அடிச்சிட்டா?" என்று தோளைத் தொட வந்தாள். முருகம்மாளின் உடம்பு ஆடியது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. பல்லைக் கடித்தாள். பாம்பு சீறுவது மாதிரி ஒரு மூச்சு. பேச்சித்தாய் படியிலிருந்து எழுந்து நின்றாள்.

"பிள்ளையைக் கொடு!"

அவ்வளவுதான். சண்முகையா மண்ணில் விழுந்தான். பேச்சித்தாய் கும்பிட்ட கையோடு உள்ளே ஓடி, பையனை வேப்பிலையோடு அள்ளிக்கொண்டு வந்து முருகம்மாளின் கையில் வைத்தாள். கொதிக்கிற பாத்திரத்தை வாங்கின மாதிரி இருந்ததாம்.

முடிந்தது. பொய் வேலை செய்துவிட்டது. முருகம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள், திரும்பியும் விட்டாள். இதைத் தங்கத்தாய் என்னிடம் அழுத்தி அழுத்திச் சொன்னாள். அக்கா நிறுத்திவிட்டாள். ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டாள்.

அப்போது அவள் வாய் மறுபடி திறந்தது.

"ஒண்ணுதானா?"

நாக்கில் ஈர மண்ணின் ருசி. அந்தப் பங்குனி வெயிலில், எங்கேயும் சொட்டுத் தண்ணீர் இல்லாத கரிசலில்... புது மண் வெட்டினால் வருமே, அந்த வாடை மூக்கு நிறைய.

"இசக்கி எங்க?"

பேச்சித்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவளை அடக்கிட்டமே தாயி..." என்றான் சண்முகையா, தரையைப் பார்த்தபடியே.

"கொண்டா. ஊசி போட்டு எழுப்புதேன்."

வாய் மூடிக்கொண்டது.

கையிலிருந்த பையன் இருமினான். அந்த இருமலில்தான் முருகம்மாளுக்குத் தன் கால் தன்னுடையதாயிற்று. ஓடினாள். வண்டித்தடத்தில், வெறுங்காலோடு, பையையும் செருப்பையும் மைமூனம்மாள் பொறுக்கிக்கொண்டு பின்னால் வர. ரோட்டில் பருத்தி லாரி ஒன்று கிடைத்தது. லாரியில் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"நான் கடைசியில என்ன சொன்னேன்?"

வாய் ஓயாத மைமூனம்மாள் ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "நீங்க ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள்.

ஜுலைகா, என் கையை விடு. நகம் குத்துகிறது.

ஆஸ்பத்திரி அந்த ரோட்டிலேயே இருந்தது. சின்னது. ஒரே ஒரு வார்டு, நாலு கட்டில், முன்னால் ஒரு தாழ்வாரம். பென்சிலின் போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மறுநாள் பொழுது விடிந்தபோது உதட்டில் நீலம் குறைந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் பையன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். ஆனால் நெஞ்சில் சளி அப்படியேதான் இருந்தது. பாதியில் ஊசியை நிறுத்தினால் மறுபடி பற்றிக்கொள்ளும், இந்தத் தடவை விடாது. இன்னும் நாள் வேண்டும். முருகம்மாளுக்கு வேண்டியது அந்த நாட்கள் மட்டும்தான்.

பின்னாலேயே புருஷனோடு வந்து சேர்ந்த பேச்சித்தாய் கட்டிலடியில் உட்கார்ந்து, முருகம்மாள் நடக்கும்போதெல்லாம் அவள் கால் பட்ட தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருநாள் முருகம்மாள் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இசக்கி யாரு?"

"என்ன தாயி, தெரியாத மாதிரி கேக்குதிய? மூத்தவ. இசக்கித்தாய். ஆறு வயசு. இவனுக்கு முன்னால அவளுக்குத்தான் போட்டுச்சு. போன வாரம் ஆத்தா எடுத்துக்கிட்டா."

"உங்க வீட்டுல ஒருத்தர் முகத்திலயும் அது தெரியலையே..."

"அம்மையில போன பிள்ளைக்கு அழக் கூடாதுல்லா. அழுதா கோவிச்சுக்கிட்டு இவனையும் கேப்பா. அதான் அழல." பேச்சித்தாய் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்காமலே இத்தனை வருஷமாக மறக்க முடியவில்லை. "இப்பதான் அழ வேண்டியதே இல்லையே. எழுப்புதேன்னு நீங்களே சொல்லிட்டியளே."

முருகம்மாளுக்குச் சொல்ல வாய் வந்தது. நான் நடித்தேன், பேச்சித்தாய். உன் பையனைக் காப்பாற்ற நடித்தேன். போனவளை யாராலும் எழுப்ப முடியாது. அழு. இங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இவ்வளவும் நாக்கு நுனியில். மைமூனம்மாள் பின்னாலிருந்து அவள் தோளை அழுத்தினாள்.

அந்தச் சாயங்காலமே தெரிந்துபோயிற்று, ஏன் அழுத்தினாள் என்று. சண்முகையாவின் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் ஊரிலிருந்து வந்தார். வெற்றிலை குதப்பிக்கொண்டே தாழ்வாரத்தில் நின்று சிரித்தார்.

"கூறுகெட்டவனே. படிச்ச பிள்ளை தலையை அவுத்துப் போட்டு ஆடுச்சாம், இவன் சாமின்னு பிள்ளையத் தூக்கிக் குடுத்தானாம். அது நடிப்புடா."

சண்முகையா நேராக வார்டுக்குள் வந்து பையனைக் கட்டிலிலிருந்து தூக்கினான். கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சு கீழே விழுந்தது. முருகம்மாள் குறுக்கே நின்றாள், ஒரே தள்ளில் ஒதுக்கிவிட்டான். வாசலுக்குப் போய்விட்டான். பையன் இருமுகிறான், வெளியே காற்று புழுதியோடு அடிக்கிறது.

"நில்லும்!" என்றாள் பேச்சித்தாய். புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லையாம். "நடிப்புன்னா மூத்தவ பேரு எப்படித் தெரியும்? நான் சொன்னனா? நீரு சொன்னீரா? வாயைத் திறந்து ஒரு அழுகை அழுதமா, அடுத்தவளுக்குத் தெரிய?"

சண்முகையா நின்றான். சித்தப்பாவின் வாயில் வெற்றிலை அசையவில்லை. எல்லாரும் முருகம்மாளைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தை. "எனக்குத் தெரியாது, அதை நான் சொல்லவில்லை" என்று உண்மையைச் சொன்னால் பையன் வீட்டுக்கு, வேப்பிலைக்கு, அந்த முனகலுக்குப் போய்விடுவான். முருகம்மாள் வாயைத் திறக்கவில்லை. சும்மா நின்றாள். தலை மட்டும் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்ததாம். அவள் சாய்த்தாளா, தானாகச் சாய்ந்ததா... தங்கத்தாய் கேட்டிருக்கிறாள். அவளுக்கே தெரியவில்லை.

சண்முகையா பையனைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் போட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மன்னிச்சிரு தாயி. நாளைக்குக் கொண்டாந்திருதேன்" என்றான்.

எதை என்று யாரும் கேட்கவில்லை. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அத்தனை பேர் நின்றார்களே, ஒருத்தருக்காவது கேட்கத் தோன்ற வேண்டாமா? கோபம் எல்லாம் நமக்கு யார்மேல் வருகிறது பாருங்கள்... சாமிமேல் வராது, சர்க்கார்மேல் வராது, அந்தப் பொம்பளைமேல் வரும். படிச்ச திமிர் என்று அவளைத்தான் சொல்வார்கள். அவள் அந்த ராத்திரி தூங்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஊசி போட்டாள்.

மறுநாள் சண்முகையாவைக் காணவில்லை. மத்தியானம் வரை இல்லை. பேச்சித்தாய் மட்டும் காலையிலேயே குளித்து, தலையில் கனகாம்பரம் வைத்து, தாழ்வாரத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரம். முன்வாசலில் மாட்டுவண்டி வந்து நின்ற சத்தம். மாட்டின் கழுத்து மணி இரண்டு தடவை குலுங்கி அடங்கியது. சண்முகையா இறங்கினான். முழங்கை வரைக்கும் கரிசல் மண் அப்பிக் காய்ந்திருந்தது. நகத்துக்குள் மண். கையில் மஞ்சள் சேலை சுற்றிய ஒரு நீளமான பொட்டலம். அதைத் தலையும் காலும் தாங்கி, கழுத்து ஆடாமல், பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தான். பேச்சித்தாயின் மடியில் வைத்தான்.

மைமூனம்மாள் வார்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஈர மண் வாடை உள்ளே வந்தது. அழுகல் வாடை வரும் என்று முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள்... அது வரவில்லை. மண் வாடை மட்டும்.

பேச்சித்தாய் சேலைக்குள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். முகம் மாறியது.

"தாயி! மேலு காயுது. வந்து தொட்டுப் பாருங்க, மேலு நெருப்பா காயுது!"

முருகம்மாள் வார்டுக்குள், மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அடுப்பில் வட்டில் நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே கண்ணாடி சிரிஞ்சும் ஊசிகளும் கடகடவென்று.

"பின்வாசல் வழியா போயிருங்கம்மா" என்றாள் மைமூனம்மாள், பல் கிட்டிப் போய். "நான் சொல்லிக்கிடுதேன். டாக்டர் ஊருக்குப் போயாச்சுன்னு சொல்லிக்கிடுதேன்."

"போனா பையனைத் தூக்கிட்டுப் போயிருவான்."

"அப்ப உண்மையைச் சொல்லிருங்க."

"சொன்னாலும் தூக்கிட்டுப் போயிருவான்."

"அதுக்கு? அதுக்குப் போயி..." மைமூனம்மாள் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அதுங்க நம்பணும், அம்புட்டுதான? இந்தா, நேத்துப் போட்ட பழைய ஊசி கிடக்கு. அதுல தண்ணியை ஏத்தி ஒரு குத்துக் குத்திட்டு வந்துருங்க. உசுரு இல்லாத உடம்புக்கு எதுனா என்ன?"

கட்டிலில் சத்தம். இரண்டு பேரும் திரும்பினார்கள். உச்சிமாகாளி கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான். தூக்கத்திலேயே புரண்டு, சுவரை ஒட்டிப் போய்ப் படுத்தான். கையால் தடவித் தடவித் தன் போர்வையில் பாதியை இந்தப் பக்கம் இழுத்துவிட்டான். கட்டிலில் இன்னொரு பிள்ளை படுக்கிற அளவுக்கு இடம்.

முருகம்மாள் அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று மைமூனம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு கொண்டையை இறுக்கி முடிந்தாள். இடுக்கியால் கொதிக்கிற வட்டிலிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்தாள். புது ஊசியைப் பொருத்தினாள். பென்சிலின் குப்பியைத் தட்டினாள், கலக்கினாள், ஏற்றினாள், வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

"ஆறு வயசு" என்றாள். "அளவு சரியா இருக்கா பாருங்க."

மைமூனம்மாள் கட்டிலில் பையன் விட்ட இடத்தையே பார்த்தாள்.

முருகம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்தாள்.